ஒண்ணாம் நம்பர் கயிறு

இன்வர்கெல்டி ஊரின் கல்லறைத் தோட்டத்தில் பன்னிரண்டு பெரிய மனிதர்கள் படுத்திருக்கிறார்கள். நான் சொல்லவில்லை, வாசலில் நகராட்சி நட்டு வைத்திருக்கும் பலகை சொல்கிறது. திமிங்கிலம் பிடித்த கேப்டன், விஸ்கி ஆலை முதலாளி, மூன்று மணி நேரம் பிரசங்கம் செய்து ஊரையே தூங்கவைத்த போதகர் என்று வரிசையாகப் போகும். அத்தனை பேருக்கும் குழி வெட்டிய மர்டோ ஃபின்லேட்டரின் பெயர் அதில் இல்லை. அத்தனை பேரையும் கடைசியாகக் குளிப்பாட்டித் துணி மாற்றிய அவன் அக்கா எஃபியின் பெயரும் இல்லை.

எஃபிக்கு அதில் குறையொன்றும் கிடையாது. மது விலக்கு பேசிய போதகரின் தலையணைக்கடியில் என்ன இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டாள். கல்யாணம் காட்சி இல்லாத அக்கா தம்பி இரண்டு பேருக்கும் ஒருவருக்கொருவர்தான் துணை.

பிப்ரவரிக் குளிரில் மர்டோ நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தான். தம்பியையும் அவளே குளிப்பாட்டினாள்.

சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு, எட்டு ஆம்பளை. யாருக்கு எந்தக் கயிறு என்று நம்பர் போட்டு வீட்டுக்குச் சீட்டு வரும். தலைமாட்டில் ஒண்ணாம் நம்பர், நெருங்கிய ரத்த சொந்தத்துக்கு; நம்பர் ஏற ஏற மரியாதை இறங்கும். ஆறு வரவேண்டிய இடத்தில் ஏழு வந்ததற்காகப் பதினோரு வருஷம் பேசாமலிருந்த பங்காளிகள் இந்த ஊரில் உண்டு. பெண்கள் கல்லறைப் பக்கம் வராமல் வீட்டில் உட்கார்ந்து துக்க விருந்துக்குப் பன்றி இறைச்சி நறுக்க வேண்டும். துக்கம் அதிலேயே தீர்ந்துவிடும் என்று ஆண்களுக்கு எண்ணம்.

சவப்பெட்டி செய்கிற லாக்லன் சீட்டுக்கட்டோடு வந்தான்.

"எஃபி அக்கா, ஒண்ணாம் நம்பர நம்ம நகரத் தலைவரே புடிக்கிறாராம். எவ்ளோ பெரிய மரியாதை!"

"அடேயப்பா! பத்து வருஷமா புது மண்வெட்டி கேட்டான் எந்தம்பி. அப்பல்லாம் அவருக்குக் காது கேக்கல."

"சொந்தம்னு ஆம்பளை யாரும் இல்லையேக்கா."

"நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒண்ணு எனக்கு. மிச்ச சீட்ட குடு, நானே எழுதி அனுப்புறேன்."

லாக்லனுக்கு முகம் வெளுத்தது. "பொம்பள கயிறு புடிச்சா ஊரே சிரிக்கும்க்கா."

"சிரிக்கட்டும். அந்த வாயெல்லாத்துக்கும் கடைசியில தாடையக் கட்டிவிடப் போறது நான்தானே."

அடக்கத்தன்று நகரத் தலைவர் பதவிச் சங்கிலி தொங்க வந்தார். கையில் சீட்டு. முகத்தில் கடுகு வெடித்தது.

"எஃபி, இது என்ன? எட்டாம் நம்பரா!"

"உங்கப்பாவுக்கு மர்டோ பனியில குழி வெட்டுனான், ஐயா. அன்னிக்கு ஒரு வாய் டீ குடுக்க உங்க வீட்டுல ஆளில்ல. ஒம்பது கயிறு இருந்திருந்தா உங்களுக்கு ஒம்பதுதான்."

அவர் வாயைத் திறந்தார், மூடினார், எட்டாம் கயிற்றைப் பிடித்தார். யாரும் சிரிக்கவில்லை.

பெட்டி இறங்கியது. ஆண்கள் ஏழு பேரும் வழக்கப்படி கயிற்றை உள்ளே போட்டுவிட்டார்கள். எஃபி போடவில்லை.

"அக்கா, விட்டுடணும்க்கா," என்று லாக்லன் காதோரம் சொன்னான்.

"குழி ஓரத்தப் பாருடா," என்றாள் எஃபி. குரல் உடைந்துவிட்டது. "எவன் வெட்டுனான் இத? கோணலா இருக்கு. மர்டோ வெட்டியிருந்தா இப்படியா விட்டிருப்பான்?"

மழை பிடித்துக்கொண்டது. ஊர்ப் பெரிய மனிதர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடியே நின்றார்கள், அவள் கயிற்றை விடுகிற வரைக்கும்.