ஐந்து ஊர்களுக்கு ஆடிய ஹொலண்ட்காரர்

என் கணவர் ஒரு ஹொலண்ட் ஸ்ட்ரைக்கர். சிரிக்காதீர்கள், உண்மைதான். மூன்று வயதில் தாய் தகப்பனோடு அகதியாக அங்கே போய், அங்கேயே உதைபந்து பழகி, இருபத்துமூன்று வயதில் ஹொலண்ட் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வந்தவர். இங்கே எங்கள் ஆட்களின் உதைபந்தாட்டம் ஊர்க் கணக்கில் நடக்கிறது. நாங்கள் விட்டுவந்த ஒவ்வொரு ஊருக்கும் இங்கே ஒரு கழகம். நீங்களோ, பெற்றோரோ, அவர்களைப் பெற்றவர்களோ, கட்டிய மனைவியோ அந்த ஊரில் பிறந்திருந்தால்தான் அந்தச் சட்டையைப் போடலாம்.

முதலில் தகப்பனின் ஊருக்கு ஆடினார். ஒரு போட்டியில் வெளியே இருத்திவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு தாயின் ஊருக்குப் போனார். அங்கே கப்டனோடு வாய்த்தர்க்கம், கொழுவல். பிறகு தகப்பனின் தகப்பன் பிறந்த ஊர். அங்கே கொடுத்த காற்சட்டை இறுக்கமாம். பிறகு தாயின் தகப்பன் பிறந்த ஊர். அது ஏன் முறிந்தது என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை. இந்த ஊர்களில் ஒன்றையாவது கண்ணால் கண்டதாக அவருக்கு நினைவில்லை. கலியாண வீடுகளில் யாராவது "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டால், "எந்த வருசம் கேக்கிறியள்?" என்பார்.

ஐந்தாவது ஊர் நான் கொண்டுவந்தது. எங்கள் கழகம் கோல் அடிப்பதைவிட, மைதானத்தில் கடை போட்டு ரோல்ஸ் பொரித்து விற்பதில்தான் கெட்டி. முதல் சுற்றைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை. பதினொரு வருடமாக அதற்குத்தான் ஆடுகிறார். பதினொரு வருடமாக நானும் கோட்டருகே நின்று கத்துகிறேன்.

இந்தக் கோடையில் கிங்ஸ்பரிப் பக்கம் ஒரு பூங்காவில் சுற்றுப்போட்டி. நான் எங்கள் கழகக் கடையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றேன். எங்கள் செயலாளர் எனக்கு முதுகு காட்டி நின்று யாருக்கோ பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கலியாணத்தைப் பேசினதே நான்தானே. எங்களுக்கு ஸ்ட்ரைக்கர் இல்லை. அவர் நாலு ஊரோடயும் கொழுவிப்போட்டு நிண்டவர். பொம்பிளை எங்கட ஊர். டக்கெண்டு பொருத்திவிட்டன்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிவைத்தார்கள் என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்! பார்த்தது ஒரேயொரு பொருத்தம், அதுவும் பந்துக்கு.

அடுப்பை அணைத்துவிட்டு என் மனுசனைத் தேடி வெளிக்கிட்டேன். அதற்குள் ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் எங்கள் ஊர் இல்லை என்று எதிரணி முறைப்பாடு கொடுத்திருக்கிறது, மனைவி வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். எதிரணி வேறு யாருமில்லை, அவர் தகப்பனின் ஊர்தான். நான் வைக்காவிட்டால் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் இல்லை. போட்டி நடத்துகிறவர்களின் மேசைக்குப் போனேன், அவரும் அங்கேதான் நின்றார்.

"தங்கச்சி, இவர் உங்கட அவர்தானே?" என்று கேட்டார் மேசையில் இருந்த அண்ணை.

"பொறுங்கோ அண்ணை, அதைத்தான் நானும் கேக்க வந்தனான்." அவர் பக்கம் திரும்பினேன். "இஞ்சாருங்கோ, என்னைக் கலியாணம் முடிச்சனீங்களோ, எங்கட ஊரை முடிச்சனீங்களோ?"

ஒரு காலுறை மேலே, ஒன்று கீழே என்று நின்றார். ஹொலண்டில் வளர்ந்த மனுசன். கேட்டால் கேட்டதற்கு நேரே பதில் சொல்லித் தொலைப்பார்.

"முதலில உம்மட ஊரைத்தான்," என்றார்.

எங்கள் செயலாளர் மெல்ல மரத்துக்குப் பின்னால் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பேருக்கு முன்னால் என்ன மானக்கேடு!

"அப்ப நான் வைக்கமாட்டன்," என்றேன்.

"வைக்காதேங்கோ தங்கச்சி!" என்று துள்ளினார் எதிரணியின் மனேஜர். "பத்து வருசமாக் கூப்பிடுறம், வாறாரில்லை. இஞ்ச ஆட ஏலாமப் போனா எங்களிட்டத்தான் வருவார் எண்டுதானே முறைப்பாடே குடுத்தனாங்கள்."

என் அழுகை அப்படியே நின்றது. அவர்கள் வருடாவருடம் கோப்பை எடுக்கிறவர்கள்.

"பத்து வருசமாக் கூப்பிட்டவையோ? ஏன் போகேல்லை?"

அவர் புல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அங்க போனா நீர் மற்றக் கரையில நிண்டெல்லோ கத்துவீர். நீர் என்ர பக்கம் நிண்டு கத்தாட்டி எனக்கு ஓட ஏலாது."

பேனையைப் பறித்துக் கையெழுத்து வைத்தேன்.

ஆட்டத்தில் நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் என்று பின்னால் நின்றபோது, கடைசி நிமிடத்தில் எங்களுக்கு ஒரு பெனல்டி. ஓடி வந்து அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலால் போய், எங்கள் கடையின் ரோல்ஸ் தட்டில் விழுந்தது.

"கண் என்ன பிடரியிலயோ?" என்று கத்தினேன். அவர் எனக்குக் கை காட்டினார்.

தோற்ற களையோடு கடைக்கு வந்தார். வரிசையில் நின்ற ஒரு வயதான ஐயா, "நல்லா ஓடினீர் தம்பி. எந்த ஊர்?" என்று கேட்டார். வழக்கமான பதிலை எதிர்பார்த்து நான் பல்லைக் கடித்தேன்.

என் மனுசன் நாடியை நிமிர்த்தி என்னைக் காட்டினார். "இவவின்ர ஊர், ஐயா."

பந்து படாத ரோல்ஸாக இரண்டு பொறுக்கி எடுத்து அவர் கையில் வைத்தேன்.