எறும்பு அடித்த படிவம்

அச்சகத்தில் அவருக்கு எறும்பு என்றுதான் பெயர். வட்டிக் கம்பெனியின் கடன் படிவத்தில் ஒரு பக்க நிபந்தனைகளை உள்ளங்கை அகலத்துக்குள் அடக்கிவிடுவார். பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது என்று முதலாளி பெருமையடித்துக்கொள்வார். பன்னிரண்டு வருடமாக எறும்பு அதில் எழுத்துப் பிழை பார்த்தாரே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அங்கேயே கடன் வாங்கியபோதுகூட, "நான் அடிச்ச ஃபாரம், நானே படிக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இப்போது அரசாங்கம் புது விதி போட்டுவிட்டது. வட்டியும் அபராதமும் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் வர வேண்டும். கம்பெனி மேனேஜர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

எறும்பு கணினியில் எழுத்தைப் பெரிதாக்கினார். 'ஒரு நாள் தவறினாலும் முழுக் கடனுக்கும் இரட்டை வட்டி' என்ற வரி திரையில் உப்பிக்கொண்டு வந்தது. போன மாதத் தவணையை அவர் நாலு நாள் கழித்துத்தான் கட்டியிருந்தார். எழுந்தார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அந்த வரியை அடித்ததும் இதே விரல்தான். "மடையா, மடையா" என்று தன்னையே திட்டிக்கொண்டு, எழுத்தை இன்னும் இரண்டு மடங்கு பெரிதாக்கினார்.

மேனேஜர் பதறிப்போனார். "யோவ், இவ்வளவு பெருசா போட்டா எவன்யா கையெழுத்துப் போடுவான்?"

"நான் போட்டிருக்க மாட்டேன் சார்."