மூன்றாவது கியர் நழுவிய கார்

ஐம்பதுகளின் நடுப்பகுதியில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த காலத்தில் நடந்தது இது. எல்லா விதிகளும் நடைமுறைகளும் அறிந்தவன் என்று எனக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. தோட்டத்தை நடத்தும் துரைக்கே பல விதிகள் தெரியாது என்பதால் அதைப் பெரிய புகழாக நான் எடுத்துக்கொண்டதில்லை. மனு எழுத வேண்டியவர்களும், வந்த கடிதத்துக்குப் பதில் போட வேண்டியவர்களும் மாலையானால் என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நிற்பார்கள்.

அப்படி ஒருநாள் வந்து நின்றவர், எங்கள் பழைய துரையிடம் பல காலம் டிரைவராக இருந்தவர். அந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பியதும் இவரும் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு, மனைவியோடு ஹட்டன் டவுனில் ஓர் அறைக்குக் குடிபோயிருந்தார். கையில் இருந்ததையெல்லாம் போட்டுப் புத்தம் புதுக் கார் ஒன்று வாங்கி, ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினார். பேரை வெட்டிக்கொண்டு போனவர் மறுபடி தோட்டத்தில் பேர் பதிவது லேசான காரியமல்ல. 'இடமில்லை' என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடுவார்கள். ஆகவே அந்தக் கார் ஓடினால்தான் அவர்களுக்கு வீடு, சோறு எல்லாம்.

கார் ஓடத்தான் செய்தது. ஆனால் இறக்கத்தில் மூன்றாவது கியர் தானாகவே கழன்றது. மலைச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இறக்கத்தில் வண்டியை அடக்கி வைத்திருப்பதில் பாதி வேலை பிரேக்குக்கு, மீதி கியருக்கு. கியர் கழன்றால் வண்டி அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓடும். அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வரும்போது ஒரு வளைவில் அப்படிக் கழன்று, தெய்வாதீனமாக மண்மேட்டில் மோதி நின்றிருக்கிறது. அன்றிலிருந்து அவர் யாரையும் ஏற்றவில்லை.

"லிவரக் கையில அழுத்திப் பிடிச்சிக்கிட்டே இருந்தா நிக்குதுங்க ஐயா. வளைவுல ரெண்டு கையும் வேணும்ல? கைய எடுத்தா டக்குனு கழண்டுருது. நான் ஒத்தையில போயி விழுந்தா பரவால்ல. நாலு பேர வச்சிக்கிட்டு எப்புடிங்க ஓட்டுறது?" என்றார்.

காருக்கு ஓராண்டு உத்தரவாதம் இருந்தது. அது முடிய ஒரு மாதம்கூட இல்லை.

டவுனில் அந்தக் கார்க் கம்பெனியின் ஏஜெண்டாக ஒரு கராஜ் இருந்தது. அவர்கள் இரண்டு முறை காரை வாங்கி வைத்து, ஓட்டிப் பார்த்து, 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டிரைவரின் ஓட்டும் முறையே காரணமாக இருக்கலாம் என்று மேனேஜர் ஒரு அபிப்பிராயமும் இலவசமாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார் நம்மவர்.

நான் கொழும்பில் இருந்த அந்தக் கம்பெனியின் தலைமை ஆபீசுக்கு எழுதினேன். முதல் கடிதம் மரியாதையானது. இரண்டாவது கடிதம் அவ்வளவு மரியாதையானது அல்ல. முதல் கடிதத்துக்கு, செங்குத்தான இறக்கங்களில் தொடர்ந்து ஓட்டப்படும் வாகனங்களுக்குச் சில சங்கடங்கள் நேருவது இயல்பு என்று அவர்கள் பதில் போட்டிருந்தார்கள். 'இந்தக் காரை நீங்கள் விற்றது ஹட்டனில். ஹட்டனில் இறக்கமில்லாத சாலை ஒன்று இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும், குடும்பத்தோடு போய்ப் பார்த்து வருகிறேன்' என்று எழுதினேன். அந்த வரியை நான் இன்றைக்கும் ரசிக்கிறேன். அவர்கள் ரசித்ததாகத் தெரியவில்லை. பதிலே வரவில்லை.

கடைசியில் உத்தரவாதப் பத்திரத்தின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்துக்களில் ஒரு விதியைக் கண்டுபிடித்தேன். சொந்தக்காரர் கேட்டால், பரிசோதனை ஓட்டத்தில் அவரும் கூட இருக்கலாம். அதே விதியின் வாலில், கராஜின் பரிசோதகர் எழுதுவதே முடிவு என்றும் இருந்தது. முன்பாதியை மேனேஜரிடம் வாசித்துக் காட்டினேன். பின்பாதி அவருக்கே மனப்பாடம்.

குறித்த நாள் காலையில் நானும் போனேன். காருக்கு அருகே டிரைவரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். கனத்த உடம்பு, உரத்த குரல்.

"நானும் வாரேங்க ஐயா. என் பாரம் ஏறுனாத்தான் இந்தச் சனியனுக்குக் கோவம் வருது. இவங்க வெறும் வண்டிய ஓட்டிட்டு நல்லாருக்கு, நல்லாருக்குனா?"

"அதான் வாங்குறப்பவே சொன்னேன், லொறியா வாங்குவோம்னு" என்றார் புருஷன்.

"ஆமா, அப்பவாச்சும் லொறிக்காரன் பொண்டாட்டினு நாலு பேரு பயந்திருப்பாங்க."

பரிசோதகர் ஒரு வயதான சிங்களவர்; முந்திய இரண்டு முறையும் காரை ஓட்டிப் பார்த்து எழுதியவர் அவர்தான். எங்கள் பக்கத்தில் தச்சு, மேசன், மெக்கானிக் என்று எந்தத் தொழிலில் கைதேர்ந்தவரையும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். இந்தப் பாஸுக்குத் தமிழ் நன்றாகவே வரும், அவருடைய சொந்த இலக்கணத்தில். அவர் ஸ்டியரிங்கில் உட்கார, பக்கத்தில் அந்த அம்மாள், பின்னால் நானும் டிரைவரும். கினிகத்தேனைக்கு இறங்கும் சாலையில் போனோம்.

கார் பூனைக்குட்டி மாதிரி இறங்கியது. மூன்றாவது கியரில் வளைவுக்கு மேல் வளைவு. கியர் அசையவே இல்லை. பாஸின் முதுகில் ஒரு திருப்தி தெரிந்தது. டிரைவர் என் காதருகே குனிந்தார்.

"கையப் பாருங்க ஐயா."

பார்த்தேன். பாஸ் வலது கையாலேயே ஸ்டியரிங்கை வளைத்துக்கொண்டிருந்தார். இடது கை கியர் லிவரின் மேல் சோறு உண்ட களைப்பில் படுத்தது போலக் கிடந்தது. எடுக்கவே இல்லை. லொறி ஓட்டிய பழக்கம் அது. அந்தக் காலத்து மலை லொறிக்காரர்கள் பலரும் அப்படித்தான் இறங்குவார்கள். முந்திய இரண்டு முறையும் குறை ஏன் தென்படவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

நான் முறைப்படி சொன்னேன். "பாஸ், லிவரிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்."

வந்தது வினை.

"மாத்தயா, நம்ம இந்த றோட்டுல லொறி ஓட்டுறப்ப நீங்க ஸ்கூலு போயிக்கிட்டு இருந்தது. கைய எங்க வைக்கிறதுனு நமக்குச் சொல்றதா? கைய விட்டுட்டு எந்தப் பைத்தியமாவது இறக்கம் இறங்குமா?"

அவர் கை லிவரை முன்னைவிட இறுகப் பிடித்துக்கொண்டது. பத்திரத்தில் கையைப் பற்றி ஒரு விதியும் இல்லை. டிரைவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனால் பாஸ் காரைத் திருப்பிவிடுவார். ஏற்றத்தில் எந்தக் கியரும் கழலப் போவதில்லை. மூன்றாவது முறையாகவும் அதே வரியை எழுதிவிடுவார்.

முன் இருக்கையில் சுருக்குப்பை அவிழும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் ஒரு வெற்றிலையைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவிப் பாக்கை வைத்து மடித்தார். பிறகு இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு பாஸின் முன்னால் நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க பாஸ். ஒரு வாய் வெத்தில போடுங்க. காலையிலயிருந்து மூஞ்சி வாடிப்போயி இருக்கு."

மரியாதையாக நீட்டிய வெற்றிலையை வேண்டாம் என்று சொல்ல அவர்கள் பக்கத்திலும் வழக்கமில்லை, எங்கள் பக்கத்திலும் வழக்கமில்லை. அதை இடது கையால் வாங்கவும் யாரும் துணிய மாட்டார்கள். பாஸ் ஒரு கணம் யோசித்தார். பிறகு இடது கையை லிவரிலிருந்து எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையை நீட்டினார்.

டக்.

இஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கியது. கார் முன்னால் பாய்ந்தது. எதிரே வளைவு, அதற்கு அப்பால் பனியைத் தவிர ஒன்றுமில்லை. வெற்றிலையும் ஸ்டியரிங்குமாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாஸ் பிரேக்கை மிதித்தார், கை பிரேக்கை இழுத்தார். பின்சக்கரங்கள் கத்தின. சாலையோரத்துத் தண்ணீர்க் கானை ஒட்டிக் கார் நின்றது.

பாஸ் லிவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரை மெதுவாகக் கிளப்பி, அடுத்த இறக்கத்தில் வேண்டுமென்றே கையை எடுத்தார். மறுபடியும் டக். இந்த முறை தயாராக இருந்ததால் அலுங்காமல் நிறுத்தினார். அதன் பிறகுதான் கசங்கிப்போன அந்த வெற்றிலையை வாயில் போட்டார்.

"அம்மே" என்றார். "கியரப் புடிச்சது கியர் பொக்ஸ் இல்ல. நம்ம கை."

திரும்பும் வழியில் நாங்கள் டீ குடிக்க இறங்கியபோது டிரைவர் மனைவியிடம் ரகசியமாகக் கேட்டார். "வேணும்னுதானடி குடுத்த?"

"எனக்குக் கியரப் பத்தி என்னாங்க தெரியும்? மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கிற மனுசனுக்கு வெத்தில குடுக்காம வேற என்னத்தக் குடுக்கச் சொல்றீங்க?"

நான் அதை நம்பினேன். கட்டின புருஷன் நம்பவில்லை. நான் தோட்டத்தை விட்டுப் போகும் வரைக்கும் அவர்களுக்குள் அந்த வழக்கு தீரவில்லை.

எனக்கோ கராஜ் நெருங்க நெருங்க நம்பிக்கை குறைந்தது. நடந்ததை நாங்கள் மூன்று பேர் பார்த்திருக்கிறோம். ஆனால் விதியின் வாலை நான் அறிவேன். பரிசோதகர் எழுதுவதே முடிவு. ஏற்கெனவே இரண்டு முறை கையெழுத்துப் போட்டு 'குறை இல்லை' என்றவர் அவர். அதே வரியை இன்னொரு முறை எழுதுவதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மாற்றி எழுதினால்தான் நஷ்டம். அவர் இடத்தில் இருக்கும் உத்தியோகஸ்தர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஓர் உத்தியோகஸ்தன்தானே.

பாஸ் நேராக மேனேஜரின் அறைக்குள் போனார். எங்களையும் கையசைத்துக் கூப்பிட்டார். நின்றபடியே சிங்களத்தில் சொன்னார். இந்தக் காரின் கியர் பொக்ஸ் மோசம், மாற்ற வேண்டும். முன்பு எழுதிய இரண்டும் தப்பு, கையை வைத்துக்கொண்டே ஓட்டிவிட்டேன். மேனேஜர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொழும்பில் உன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்.

"நினைக்கட்டும்" என்றார் பாஸ். "இந்தக் கார்ல அடுத்த முறை யார் உட்காரப் போறாங்கனு கொழும்புக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

எழுதிக் கையெழுத்துப் போட்டார். உத்தரவாதம் முடிவதற்குள் கொழும்பிலிருந்து ரயிலில் புது கியர் பொக்ஸ் வந்து இறங்கியது. அதைப் பூட்டியவரும் அவர்தான். ஸ்டேஷன் வாசலில் அந்தக் கார் மறுபடி வரிசையில் நின்ற முதல் நாள், டிக்கோயாவுக்குப் போக வேண்டிய ஒரு கிழவரையும் அவருடைய இரண்டு ஆட்டுக்குட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். டிரைவரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு எத்தனையோ மனுக்கள் எழுதிவிட்டேன், பலதும் பலித்தன. விதிகளின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் ஒவ்வொரு விதியும் ஓடி முடிகிற இடத்தில் 'நான் பார்த்தது தப்பு' என்று சொல்ல வேண்டிய ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதும், அவர் அதைச் சொல்லியும் விடலாம் என்பதும் அன்று தெரிந்தது. அதனால்தான் இந்த வயதிலும் யாராவது ஒரு கடிதத்தோடு வாசலில் வந்து நின்றால், பலிக்காது என்று திருப்பி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.