வாய்விட்டுப் படிக்காத பட்டியல்

வளர்மதி இறந்த செய்தி போன வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு எனக்கு வந்தது. நான் வேலை பார்க்கும் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில், படிப்பு முடித்துப் போன மாணவர்களின் கோப்புகளை அழிக்க உட்கார்ந்திருந்தேன். செல்போனில் தெரியாத எண்.

"சார், வளர்மதி வீட்டுக்காரர் பேசறேன், கீழ்பென்னாத்தூர்லேர்ந்து. விடியக்காலம் தவறிட்டாங்க சார். கிட்னி. உங்க நம்பர டைரில எழுதி வச்சிருந்தாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க அவங்ககிட்ட பேசறதில்லைன்னு தெரியும். இருந்தாலும் சொல்லணும்னு தோணிச்சு" என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது உண்மைதான்.

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்று முன்னால், மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவர் பொறுமையான வளர்மதி மேடம். எனக்கு, என் வேலை போகக் காரணமானவர். செத்துப்போனார் என்பதற்காக இதை மறைத்து எழுத என்னால் முடியாது.

தொண்ணூற்றிரண்டில் ஒரே மாதத்தில் இருவரும் அங்கே சேர்ந்தோம். நான் கணிதத்தில் எம்.எஸ்சி., முதல் வகுப்பு. அவர் வரலாற்றில் பி.ஏ., கூடவே ஆறு மாதக் கணினிப் பயிற்சி. வீட்டில் வேர்க்கடலை விவசாயம். தினமும் பஸ்ஸில் வந்து போவார். ஒரு வருடத்துக்குள் முதலாளி அவரை இன்சார்ஜ் ஆக்கினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்போது மவுஸ் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. எதைச் செய்வதானாலும் கட்டளையைத் தட்ட வேண்டும். டிஐஆர் என்று தட்டினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியல் வரும். பெயர், அளவு, கடைசியாக எழுதிய தேதி, நேரம். டெல் என்று தட்டினால் அழியும். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்கச் சொன்னால் மட்டும், நிச்சயமா என்று ஒரு கேள்வி கேட்கும். ஒய் தட்டினால் போயிற்று.

வளர்மதி எதை அழிப்பதற்கு முன்பும் டிஐஆர் போடுவார். வரும் பட்டியலை மேலிருந்து கீழே வாய்விட்டுப் படிப்பார். பெயர், தேதி, நேரம் எதையும் விடமாட்டார். பிறகு இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஒரு மூச்சு. அப்புறம்தான் டெல். மாணவர்கள் முன்னால் நான் இதைக் கேலி செய்வேன்.

"என்ன மேடம், ரேஷன் கடையில பேர் கூப்பிடறீங்களா?"

"கூப்பிட்டுப் பாத்துக்கறது நல்லது சார். அழிச்சப்புறம் கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்க."

மாணவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

தொண்ணூற்று நாலில் ஒரு ஜெர்மன் அம்மாள் எட்டு மாதம் எங்களிடம் வந்தார். அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடை போடும் பெண்களைச் சந்தித்து, அவர்கள் வாழ்க்கையைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். காலையில் வந்து அவரே தட்டச்சு செய்வார். தட்டியதும் கையெழுத்துத் தாளைக் கிழித்துவிடுவார். பெட்டியில் காகிதம் சுமக்கப் பிடிக்காது. ஒரு பெண்ணுக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு அந்தப் பெண்ணின் பெயர். மொத்தம் அறுபத்து மூன்று பெண்கள். தினமும் மாலையில் வளர்மதி அந்தப் பட்டியலைப் படித்துச் சரிபார்ப்பார்: குப்பம்மா, அஞ்சலை, முனியம்மா என்று.

அந்த அம்மாள் ஊருக்குக் கிளம்பும் நாள் ஒரு பௌர்ணமி. ஒன்றரை மணிக்குக் கார். அதற்குள் எல்லாவற்றையும் ஃபிளாப்பியில் ஏற்றித் தர வேண்டும். கூட்டத்தால் வளர்மதி வரும் கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து சேரவில்லை. முதலாளி அந்த அம்மாள் முன்னாலேயே என்னிடம், "நீ கைய வைக்காத. வளர்மதி வரட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வளர்மதி வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஃபிளாப்பியில் பழைய குப்பை இருந்தது. அதைத் துடைக்க, எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். நிச்சயமா என்று கேட்டது. ஒய் தட்டினேன். அப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். நான் ஃபிளாப்பிக்கு மாறவே இல்லை. அந்த அம்மாளின் கோப்புகள் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

பதினொன்றே காலுக்கு வளர்மதி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு சார்?"

"கரண்ட் போயிடுச்சு. எல்லாம் போச்சு."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஃபேன் ஓடுதே சார்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன்னு கேக்கல. என்ன போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

"அதுக்கப்புறம் இதுல ஏதாவது எழுதினீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மேல ஏதாவது எழுதினா அடியில இருக்கறது போயிடும்."

"இல்ல."

அவர் டிஐஆர் போட்டார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அன்டெலீட் என்ற கட்டளையைத் தட்டினார். அழிந்த பெயர்கள் ஒவ்வொன்றாக, முதல் எழுத்தில்லாமல், அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியோடு வரும். அந்த எழுத்தை நாம் கொடுத்தால்தான் கோப்பு திரும்பும். வளர்மதி எந்தப் பெயருக்கும் யோசிக்கவில்லை. கீழே கிரிவலக் கூட்டம், ஹாரன் சத்தம். நான் பின்னால் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். முப்பது கோப்பு வந்தது. நாற்பது வந்தது. ஐம்பத்தேழில் நின்றுவிட்டது.

ஒன்றேகாலுக்கு முதலாளியும் அந்த அம்மாளும் ஒன்றாக வந்தார்கள். அந்தக் காலத்தில் எது நடந்தாலும் வைரஸ் என்று சொல்லிவிடலாம். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். வளர்மதி எழுந்து நின்றார். "சார் தப்பா டெலீட் பண்ணிட்டார். அம்பத்தேழு வந்துடுச்சு. ஆறு பேர் வரல" என்று முதலாளியிடம் சொல்லி, அதையே தன் உடைந்த ஆங்கிலத்தில் அந்த அம்மாளிடமும் சொன்னார். ஆறு பேர் யார் யார் என்று மனப்பாடமாகச் சொன்னார். அந்த அம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். முதலாளி அந்த வாரமே என்னை அனுப்பிவிட்டார். அதன்பிறகு என்னைவிடப் பாதி மார்க் வாங்கியவர்களுக்குக் கீழே லேப் அசிஸ்டென்ட்டாகவே காலம் போகிறது.

எட்டு வருடம் கழித்து ஒருநாள் பஸ் நிலையத்தில் வளர்மதி எதிரே வந்தார். இளைத்திருந்தார். நலம் விசாரிக்கக்கூடத் தோன்றாமல் கேட்டேன்: "வைரஸ்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன கொறைஞ்சிருக்கும்?"

"சொல்லியிருந்தா அந்தம்மா மீதி அம்பத்தேழையும் நம்பியிருக்க மாட்டாங்க சார். ஃபிளாப்பியத் தூக்கிப் போட்டிருப்பாங்க." பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. படியில் ஏறித் திரும்பி, "சொல்ல வேண்டியத மட்டும்தான் சொன்னேன்" என்றார். நான் என் வழியே நடந்தேன். அதுதான் கடைசி.

வியாழக்கிழமை அந்த போன் வந்த பிறகு மறுபடியும் கீபோர்டில் கை வைத்தேன். இப்போது எங்கள் ஆய்வகத்தில் லினக்ஸ். அழிக்கும் கட்டளை பெரும்பாலும் கேள்விகூடக் கேட்பதில்லை. முதலில் பட்டியலைக் கேட்டேன். பெயர், தேதி, நேரம் என்று வரிசையாக வந்தது. நேரம் இருந்த பத்தியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அன்று கோப்புகள் அழிந்த பிறகு, வளர்மதி வருவதற்கு முன், நான் சும்மா இருக்கவில்லை. வேறு ஏதோ கடிதத்தின் பக்கங்களைத் திரும்பத் திரும்ப ஒட்டி நீளமாக்கி, அந்த அம்மாள் வைத்த பெயர்களிலேயே இரண்டு பொய்க் கோப்புகளை எழுதி வைத்தேன். டிஐஆர் போட்டால் இடம் காலியாகத் தெரியக் கூடாது என்று. அந்த ஆறு பேரும் வராமல் போனதற்கு நான் போட்ட டெல் காரணமில்லை. அவர்கள் மேல் நான் எழுதியதுதான் காரணம். வளர்மதி கொடுத்த ஃபிளாப்பியில் அந்த இரண்டும் இல்லை. கெட்டுப்போன மிச்சம் என்று நினைத்து நீக்கியிருப்பார், கவனித்திருக்க மாட்டார் என்று இத்தனை வருடம் நம்பினேன்.

பட்டியலில் நேரத்தைக்கூட விடாமல் படிக்கிறவர் அவர். அன்று அவர் டிஐஆர் போட்டபோது திரையில் இருந்தது இரண்டே பெயர். இரண்டுக்கும் நேராக, அன்று காலை பத்தே முக்கால். நான் அழித்த பிறகு எழுதியவை என்று அந்த நேரமே காட்டிக்கொடுக்கும். நான் பார்த்தவரை அந்த ஒரு தடவைதான் அவர் பட்டியலை வாய்விட்டுப் படிக்கவில்லை.

இதனால் எனக்கு மனம் ஆறிவிட்டதா என்றால், இல்லை. வேலை போனது போனதுதான். ஆனால் போன வியாழக்கிழமை மாணவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வளர்மதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கமும் இரண்டு பெயர்களும். வராமல் போன ஆறு பேரில் குப்பம்மா, அஞ்சலை இருவரை மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது, என் கையால் பொய்யாக எழுதிய பெயர்கள் என்பதால். மற்ற நால்வரின் பெயரை வளர்மதியிடம் கேட்டிருக்கலாம். பஸ் கிளம்பும்வரை நேரம் இருந்தது.