ஐறீன் வரைந்து காட்டிய கறுப்புப் பெட்டி

கொட்டாஞ்சேனையில் எந்தக் கத்தோலிக்க வீட்டில் கலியாணம் முற்றானாலும், கோயிலில் திகதி எடுத்த கையோடு ஐறீனிடம் வந்து கேக்குக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஐறீன் கடை வைத்திருக்கவில்லை. வீட்டுக் குசினிக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு சின்ன அறை, ஒரு அவன் அடுப்பு, ஒரு நீள மேசை, அவ்வளவுதான். மூன்று அடுக்குக் கேக்கைத் தூண்கள் வைத்து நிறுத்தி, சுற்றிவர வெள்ளை ஐசிங்கில் பின்னல் வேலை செய்தால் அது மணப்பெண்ணின் முக்காட்டைப் போலவே இருக்கும். தொழிலுக்கு வருமுன் அவள் ஒரு கப்பல் ஏஜென்சியில் ரெலிபோன் ஒப்பரேற்றராக இருந்தவள். அதனால் சிங்களமும் இங்கிலிசும் தண்ணீர்பட்ட பாடு.

கணவன் ஹியூபேட் துறைமுகத்து வேர்க்ஷொப்பில் எஞ்சின் கழற்றிப் பூட்டும் பிற்றர். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் அவருடைய கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கடைசியாகக் கொஞ்சம் பார்வை இருந்த காலத்தில்தான் பக்கத்துச் சீற்றில் இருந்துகொண்டு ஐறீனுக்குக் கார் பழக்கினார். அவள் லைசென்ஸ் எடுத்தபோது அவருக்கு யன்னல் பக்கம் வெளிச்சம், மற்றப் பக்கம் இருட்டு என்ற அளவுக்குத்தான் தெரிந்தது. அதன் பிறகு அவர் வலப்பக்க டிரைவர் சீற்றில் ஏறவேயில்லை.

கார் இல்லாமல் கலியாணக் கேக் தொழில் நடக்காது. முச்சக்கரவண்டியில் ஏற்றினால் பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதே தூண் சரிந்துவிடும். அவர்களிடம் இருந்தது பழைய ஜப்பான் கார். பின் சீற்றைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, அதன்மேல் ஸ்பொஞ் விரித்து, ஐறீன் கேக்குகளைக் கொண்டுபோவாள். தொண்ணூற்றேழாம் ஆண்டு ஈஸ்டர் கழிந்த பிறகு அந்தக் கார் கரைச்சல் தரத் தொடங்கியது.

காலையில் ஒரு குறையும் இல்லாமல் ஸ்ராட் ஆகும். கொஞ்சத் தூரம் ஓடிச் சூடான பிறகு நிற்பாட்டினால் திரும்ப எழும்பாது. திறப்பைத் திருகினால் “டிக்” என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஆறவிட்டால் தானாகச் சரியாகிவிடும். வீட்டு வாசலில் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். களனிப் பாலத்தடிச் செக்பொயின்ற்றில் அப்படிப் பொறுக்க முடியாது. அங்கே எஞ்சினை நிற்பாட்டி, டிக்கியைத் திறந்து, இறங்கி நிற்க வேண்டும். ஒரு சனிக்கிழமை வத்தளைக்கு வெள்ளிவிழாக் கேக் கொண்டுபோனபோது, சோதனை முடிந்து ஐறீன் திறப்பைத் திருகினாள். டிக். மறுபடியும் டிக். பின்னால் வாகனங்கள் ஹோன் அடித்தன. துவக்கைத் தோளில் மாட்டிய இரண்டு ஆமிக்காரர் காரைத் தள்ளினார்கள். கியர் விழுந்து கார் துள்ளி எழும்பியபோது, பின்னால் கேக்கின் ஐசிங்கில் காதிலிருந்து தாடை வரைக்குமான நீளத்தில் ஒரு வெடிப்பு.

மறுபடியும் அப்படி நடந்தபோது, அவர்களில் வயதில் கூடியவன் சிங்களத்தில் சொன்னான்: “நோனா, இதைத் திருத்தாமல் இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம். நடுவில் நின்றுபோகிற கார் என்றால் எங்களுக்கும் பயம்தான்.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது ஐறீனின் மனதில் நின்றது.

அடுத்த சனிக்கிழமை ஹியூபேட்டின் தம்பி நிக்கலஸின் மகளுக்கு வத்தளையில் கலியாணம். சொந்தக்காரர் கேக் என்றபடியால் ஐறீன் வழக்கத்தைவிடப் பெரிதாகவே தொடங்கியிருந்தாள். கிராண்ட்பாஸில் கராஜ் வைத்திருக்கும் பாஸிடம் போய்க் கேட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, காரைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்: “ஸ்ராட்டர் மோட்டர் போச்சு நோனா. இறக்கவேணும். திங்கட்கிழமை கொண்டுவந்து விடுங்கோ.”

திங்கட்கிழமை என்றால் கலியாணம் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஹியூபேட்டும் மோட்டர் என்றுதான் சொன்னார்.

“ஓம், மோட்டர்தான். பிரஷ் தேஞ்சிருக்கும்.”

“பாக்காமலே எல்லாரும் மோட்டர் எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்?” என்றாள் ஐறீன்.

“எனக்குப் பாக்கிறதுக்கு எங்க கண் இருக்கு?”

“எனக்கு இருக்குத்தானே. நீங்கள் சொல்லுங்கோ, நான் பாக்கிறன்.”

புதன்கிழமை பின்னேரம், கேக்குக்கு முதல் பூச்சுப் பூசிக் காய வைத்துவிட்டு, ஐறீன் காரை முகத்துவாரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டுபோய்த் திரும்பினாள். வீட்டு முன்னால் நிற்பாட்டி, திறப்பைத் திருகினாள். டிக்.

“எழும்பேல்லை!” என்று அவள் சந்தோசமாகக் கத்தினாள். வாசலில் பிரம்புக் கதிரையில் இருந்த ஹியூபேட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி. முதல்ல பற்றறியைப் பாப்பம். பெரிய லைற்றைப் போட்டுவிட்டு ஒராள் திறப்பைத் திருகவேணும், மற்ற ஆள் முன்னால நிண்டு லைற் மங்குதோ எண்டு பாக்கவேணும்.”

லைற்றைப் பார்க்க அவரால் முடியாது. ஆகவே ஹியூபேட்தான் திறப்பைப் பிடிக்க வேண்டும். ஐறீன் கதவைத் திறந்து பிடித்தாள். அவர் சீற்றின் விளிம்பைத் தடவி, குனிந்து, ஏறி இருந்தார். கை தன்பாட்டில் ஹான்ட் பிரேக்கைத் தேடிப் பிடித்தது, கியரை அசைத்துப் பார்த்து நியூட்ரலுக்குத் தள்ளியது. ஸ்ரேரிங்கின் வட்டத்தை இரண்டு கையாலும் ஒருமுறை தடவிச் சுற்றிப் பிடித்தார். ஐறீனும் அவசரப்படுத்தவில்லை. பொனற்றைத் திறந்துவைத்துவிட்டுப் போய்க் காருக்கு முன்னால் நின்றாள்.

“திருகுறன்.”

டிக்.

“மங்கேல்லை. அப்பிடியே எரியுது.”

“அப்ப பற்றறி நல்லம். கரண்ட் மோட்டருக்குப் போகேல்லை. இல்லாட்டி மோட்டர் செத்துப்போச்சு. டிக் எண்ட சத்தம் அடியில மோட்டருக்குப் பக்கத்திலதானே வருது?”

ஐறீன் பொனற்றுக்குள் தலையை நீட்டினாள். “இன்னொருக்காத் திருகுங்கோ.”

சத்தம் அடியிலிருந்து வரவில்லை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கறுப்புப் பெட்டி, மட்காட்டின் உட்பக்கத்தில் திருகாணி போட்டுப் பூட்டியிருந்தது. பக்கத்தில் அதேமாதிரி இன்னொன்று. அவள் முதல் பெட்டியின்மேல் விரலை வைத்துக்கொண்டு திரும்பவும் திருகச் சொன்னாள். தோலுக்குக் கீழே நாடி துடிப்பதுபோல அது ஒருமுறை துடித்தது.

“இஞ்ச ஒரு கறுப்புப் பெட்டி இருக்கு. அதுக்குள்ளதான் டிக் எண்டுது.”

“அதில பெட்டி ஒண்டும் இல்லை. இந்தக் காருக்கு ஸ்ராட்டர் றிலே வாறேல்லை.”

“இருக்கு. நீங்கள்தான் பூட்டினீங்கள். எண்பத்தொன்பதில ஊரடங்குச் சட்டம் போட்டு வீட்டில அடைபட்டிருக்கேக்க. மழை தூறிச்சு. நான்தான் குடை பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

ஹியூபேட் திறப்பிலிருந்து கையை எடுத்தார். அவருடைய முகத்தில் அந்த மழை மெல்ல வந்து சேர்வதை ஐறீன் பொனற் ஓரத்தால் எட்டிக் கண்ணாடிக்கூடாகப் பார்த்தாள்.

“ஓமடியப்பா,” என்றார். “திறப்புப் போடுற இடம் சுடுதெண்டு றிலே போட்டனான். ஹோனுக்கும் ஒண்டு போட்டனான். மறந்தே போனன்.”

அதன் பிறகு அவருடைய குரல் மாறிவிட்டது. வேர்க்ஷொப்பில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்த குரல் அது. திறப்பிலிருந்து வரும் சின்னக் கரண்ட், பெட்டிக்குள் ஒரு தகட்டை இழுக்கும். தகடு போய் ஒட்டினால்தான் பெரிய கரண்ட் அதன் வழியாக ஸ்ராட்டருக்குப் போகும். தகடு அசைகிறது, அதுதான் சத்தம். ஆனால் கரண்ட் அந்தப் பக்கம் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அவருடைய வேலைச் சாமான்கள் கிடக்கும் ரூல் பெட்டியிலிருந்து இரண்டு வயர் பூட்டிய ஒரு சின்ன பல்பை ஐறீன் எடுத்துவந்தாள். ஒரு வயரைக் காரின் உடம்பில் பிடித்து, மற்றதைப் பெட்டியின் உலோகக் கால்களில் பற்றறி வயர் வரும் காலில் வைத்தாள். பல்ப் பளிச்சென்று எரிந்தது. ஸ்ராட்டருக்குப் போகும் காலில் வைத்துக்கொண்டு, “திருகுங்கோ” என்றாள். பெட்டி துடித்தது. பல்பின் கம்பி அடுப்பில் தணிந்துபோன கரியைப்போல மெல்லச் சிவந்தது, அவ்வளவுதான்.

“உள்ளுக்குத் தகடு ஒட்டுற முனை எரிஞ்சுபோச்சு,” என்றார் ஹியூபேட். “பற்றறியின்ர எர்த்தைக் கழட்டிப்போட்டு, ரெண்டு பெட்டியையும் இடம் மாத்திப் பார். ரெண்டும் ஒரே சாதி.”

கேக்கில் ரோசா இதழ் பிடிக்கிற விரல்களுக்கு அந்த வேலை சிரமமாக இருக்கவில்லை. ஸ்ராட்டர் றிலேயின் கால்கள் கறுத்திருந்தன. ஹோனின் றிலேயை அதன் இடத்தில் செருகி, எர்த்தைத் திரும்பப் பூட்டினாள். ஹியூபேட் திருகினார். எஞ்சின் உடனே எழும்பியது. அவர் காலை மெல்ல அழுத்தி, எஞ்சின் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு வலப்பக்கச் சீற்றிலேயே இருந்தார். இறங்குங்கோ என்று ஐறீன் சொல்லவில்லை.

ஆனால் இப்போது ஹோன் இல்லை. ஹோன் இல்லாமல் கொழும்பில் கார் ஓட்ட முடியாது. மறுநாள் காலை ஐறீன் பழுதான றிலேயைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி ஹான்ட்பாக்கில் வைத்துக்கொண்டு, உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறினாள்.

வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். பெண் கொன்ஸ்ரபிள் ஒருத்தி ஹான்ட்பாக்குக்குள் கையை விட்டாள். கைலேஞ்சியை விரித்தாள்.

“மே மொனவாத?”

இது என்ன என்று கேட்கிறாள். காரின் றிலே என்று ஐறீன் சிங்களத்தில் சொன்னாள். கார் எங்கே என்றாள் கொன்ஸ்ரபிள். வீட்டில் என்றாள் ஐறீன். கார் வீட்டில் இருக்க அதன் சாமான் ஏன் பாக்கில் வருகிறது என்று கொன்ஸ்ரபிள் திரும்பக் கேட்டாள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது; அந்த யுத்த நாளில் சந்தேகப்பட அதுவே போதும். பாசையூர்க்காரியான தாய் பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போனதால் வந்த வினை. கைக்குழந்தையாகவே ஐறீன் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டாள். அதையெல்லாம் சொல்ல அங்கே நேரம் தரவில்லை. பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது.

மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார்கள். கறுப்புப் பெட்டியைக் குண்டுச் சாமானோ என்று கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஐறீனுக்கு, தான் எங்கே என்று தெரியாமல் ஹியூபேட் வாசலிலேயே இருப்பாரே என்ற நினைப்புத்தான் பெரிதாக இருந்தது. வாய்க்குள் செபம் சொன்னாள். கன நேரத்துக்குப் பிறகு ஜீப் ஒன்று வந்து நின்றது. அங்கே பொறுப்பாக நின்ற சார்ஜன்ற் அந்த ஜீப் டிரைவரைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கொடுத்தார். அவன் காதடியில் வைத்துக் குலுக்கினான், கால்களை முகர்ந்து பார்த்தான், சிரித்தான்.

“ஸ்ராட்டர் றிலே சேர். எரிஞ்சுபோனது. எங்கட ஜீப்பிலயும் இருக்கு.”

சார்ஜன்ற் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பெட்டியைக் கொடுக்கவில்லை. “அது இங்கே இருக்கட்டும். நீங்கள் போங்கள்.”

ஐறீன் எழும்பி நடந்தாள். வீட்டுக்குத் திரும்பிப் போகத்தான் முதலில் நினைத்தாள். இவ்வளவு பட்டும் வெறுங்கையோடு போவதா என்று அதற்குப் பிறகு தோன்றியது. பஞ்சிகாவத்தைப் பக்கமே நடந்தாள்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். “சாம்பிள் ஈக்கா?” என்று பழைய றிலே இருக்கிறதா எனக் கேட்டார்.

“இல்லை. ஒரு பேனை தாங்கோ.”

காட்போட் துண்டொன்றில் ஐறீன் கீறினாள். கலியாண வீட்டாருக்குக் கேக்கின் படம் கீறிக் காட்டும் கை அது. பெட்டியின் அளவு, மேலே திருகாணிக்கு விட்ட காது, அடியில் நாலு கால். மூன்று கால் ஒரே பக்கம் பார்த்தபடி, ஒன்று மட்டும் குறுக்கே.

பெரியவர் படத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கட்லொக்குல ஈக்கிற படத்த விட இது நல்லா ஈக்கே தங்கச்சி,” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அதேமாதிரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். காலுக்குக் கால் சரியாக இருந்தது.

நடந்ததைக் கேட்ட பிறகு, கார் றிலே என்று சிங்களத்தில் பெரிதாக எழுதி, கடை முத்திரை குத்தி, பில்லைப் பைக்கற்றின்மேலேயே பின் அடித்துக் கொடுத்தார். ஐறீன் அதை ஹான்ட்பாக்கில் போடவில்லை. எல்லாருக்கும் தெரியக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். திரும்பும் வழியில் அதே கொன்ஸ்ரபிள் பில்லை வாசித்துவிட்டு, போகச் சொல்லித் தலையை ஆட்டினாள்.

ஹியூபேட் வீட்டு ஒழுங்கைத் தெருவின் முடக்கு வரைக்கும் தடவிக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்தபடி நின்றார்.

“ஐறீன்?”

“ஓம், நான்தான். ஒண்டுமில்லை, வாங்கோ.”

வீட்டுக்குள் போன பிறகுதான் அழுதாள். முகத்தைக் கழுவிவிட்டு, ஹோனின் றிலேயை அதன் பழைய இடத்துக்கு மாற்றி, புதியதை ஸ்ராட்டருக்குச் செருகி, திருகாணியை இறுக்கினாள். ஹியூபேட் பக்கத்தில் நின்று ஸ்குறூட்றைவரை வாங்கி வாங்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை பாலத்தடியில் வேறு ஆமிக்காரன் நின்றான், மீசை சரியாக முளைக்காத பொடியன். கையில் ஒரு மெல்லிய கம்பி. எஞ்சினை நிற்பாட்டச் சொல்லி, கேக் பெட்டிகளைத் திறக்கச் சொன்னான். கீழடுக்கைக் கண்டதும் அவன் கை தயங்கியது. ஆனாலும் குத்தித்தான் பார்க்க வேண்டும் என்றான்.

“மல்லி,” என்று தம்பியைக் கூப்பிடுவதுபோல ஐறீன் சிங்களத்தில் சொன்னாள், “குத்துறதெண்டால் இந்தப் பின்பக்கத்தால குத்துங்கோ. அது சுவர்ப் பக்கம் வாறது.”

அவன் கம்பியைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவள் காட்டிய இடத்தில் மெதுவாகக் குத்தி எடுத்தான். கம்பியின் நுனியில் பிளம்ஸ் ஒட்டியிருந்தது. போகச் சொல்லிக் கையைக் காட்டினான். ஐறீன் திறப்பைத் திருகினாள். முதல் திருகிலேயே கார் எழும்பியது. பாலத்தைத் தாண்டிய பிறகு, பக்கத்துச் சீற்றில் இருந்த ஹியூபேட் ஹோனை ஒருமுறை அடிக்கச் சொன்னார். ஐறீன் அடித்தாள்.

மண்டபத்தில் அந்த ஓட்டைக்குமேல் ஒரு வெள்ளை ரோசாவைப் பிடித்து ஒட்டினாள். மத்தியானம் சாப்பாட்டு மேசையில், சாராயம் உள்ளே போன தைரியத்தில், ஹியூபேட் தம்பிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் மோட்டர் எண்டாங்கள். நான் சொன்னன், றிலேயைப் பாருங்கோ எண்டு.”

“நிக்கலஸ்,” என்றாள் பக்கத்து மேசையில் இருந்த ஐறீன், “உங்கட அண்ணர் காரில அப்பிடியொரு பெட்டியே இல்லை எண்டு என்னோட சண்டை பிடிச்சவர்.”

மேசை முழுக்கச் சிரித்தது. ஹியூபேட்தான் பெரிதாகச் சிரித்தார்.

அந்த றிலே பிறகு பழுதாகவில்லை. ஐறீன் அந்தக் காரில் இன்னும் பல வருடம் கேக் கொண்டுபோனாள். எண்ணெய் மாற்றுவது, பிளக் துடைப்பது, பெல்ற் இறுக்குவது என்று சின்னச் சின்ன வேலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து இரண்டு பேருமாகச் செய்தார்கள். திறப்பைத் திருகுவது எப்போதும் ஹியூபேட்டின் வேலை.