காரைப் பாலீஷ் போட்டது யாரு

எங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு பயந்தாங்குளியை நீங்க பாத்திருக்க மாட்டீக. பேரு மாசானம். புருசன் பேரைச் சொல்லக் கூடாதும்பாக. சொல்லாம இருந்து நான் என்னத்தக் கண்டேன்? சொல்லுதேன். தூத்துக்குடியில உப்பு யாவாரம் பண்ணுன சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சிக்குக் கார் டிரைவர். தெருவுல ஒரு கோழி தெரிஞ்சா போதும், ஹாரனை அமுக்கிக்கிட்டே போவாக. பாலத்துல ஏறுனா சொடலைமாடனைக் கும்பிடுவாக. பத்து வருசத்துல காருல ஒரு கீறல் விழலைன்னா, அது இந்தப் பயத்தாலதான். நான் சரியான வாயாடி. “உங்களுக்கும் சேத்து நானே தைரியமா இருந்துக்கிடுதேன்”னு கேலி பண்ணுவேன்.

நாப்பத்திரெண்டுல ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டதும் ஊருல பாதிப் பேர் மூட்டை கட்டிட்டாக. அடுத்த வருசம் பட்டாளத்துக்காரன் கார், லாரி எல்லாத்தையும் சண்டைக்குன்னு எடுக்க ஆரம்பிச்சான். சாயர்புரத்துல ஒரு லாரியை எடுத்தப்ப, அதை ஓட்டுன செல்லப்பாண்டியையும் சேத்துக் கொண்டு போயிட்டான். அவன் இவுகளுக்குக் கூட்டாளி. ஏழு மாசமா ஒரு கடுதாசி இல்ல. அதுலருந்து இவுகளுக்குச் சோறு எறங்கல. “ஏளா, வண்டி நல்லா இருந்தா எடுத்துருவான். டிரைவர் நல்லா இருந்தா அவனையும் எடுத்துருவான்”னு பொலம்பிக்கிட்டே கெடந்தாக.

அந்த நேரம் பாத்து முதலாளி கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. “ஏலே மாசானம், வியாழக்கிழமை பட்டாளத்து ஆபீசர் நம்ம காரைப் பாக்க வாரான். அழுக்கு வண்டியைக் காட்டி என் மானத்தை வாங்கிராத. பாலீஷ் போட்டா மொகம் தெரியணும். இல்லைன்னா வேற வேலை பாத்துக்கோ.” பெரிய எடத்துப் பழக்கம் இருக்கு, துரை வந்து கை குலுக்கிட்டுப் போயிருவான்னு அவருக்கு நெனப்பு.

இவுக மெழுகு டப்பாவோட வீட்டுக்கு வந்தாக. சண்டைக்கு முந்தி கொழும்புலருந்து வந்த பாலீஷ் மெழுகு. தெறந்தா, தண்ணி வத்துன கொளம் மாதிரி வெடிச்சுக் கெடக்கு. நகத்தால சொரண்டுனா பொடிப் பொடியா உதிருது. சீமைச் சாமான் கப்பல் எதுவும் வராத காலம், வேற டப்பாவுக்கு எங்க போக?

“எப்படிங்க இப்படி ஆச்சு?”

தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. “நான்தாம்ளா மூடியைத் தெறந்து போட்டேன். ஒரு மாசமா. காயட்டும்னு.”

எனக்கு வந்துதே கோவம்! “நல்லா இருக்கே உங்க யோசனை! வேலை போச்சுன்னா நானும் புள்ளையும் எங்க போய் நிக்க? எவனோ எடுத்துருவான்னு பயந்து நம்ம வயித்துல நாமளே அடிச்சுக்கிடவா?”ன்னு கத்துனேன்.

மறுநாள் காலையில நானே பெரிய கடற்கரைப் பக்கம் போய், தோணிக்குப் பெயிண்ட் அடிக்கிற மனுவேல் அண்ணனைக் கேட்டேன். டப்பாவை மோந்து பாத்துட்டுச் சிரிச்சாரு. “மெழுகு கெடலைம்மா. அதுல இருந்த எண்ணெய் ஆவியாப் போச்சு, அவ்வளவுதான். டர்பன்டைன் கலந்தா சரியாப் போகும். ஆனா டப்பாவை அடுப்புல மட்டும் வச்சிராத. குப்புனு புடிச்சா உங்க ஓலை வீடு மிஞ்சாது.” ஒரு குப்பியில கொஞ்சம் ஊத்தியும் குடுத்தாரு.

புள்ளையைப் பக்கத்து வீட்டுல விட்டேன். தண்ணியைக் கொதிக்க வச்சு, அடுப்பை நல்லா அணைச்சு, பானையை முத்தத்துக்குத் தூக்கிட்டு வந்து, டப்பாவை வெந்நீருக்குள்ள நிப்பாட்டுனேன். குண்டு விழுந்தா அணைக்கன்னு வச்சிருந்த மண்ணு வாளியைத் தூக்கிக்கிட்டு இவுக பத்தடி தள்ளி நிக்காக. எனக்கும் பயந்தான், காட்டிக்கிடல. மெழுகு எளக எளக டர்பன்டைனைச் சொட்டுச் சொட்டா விட்டு, பனங்குச்சியால கிண்டுனேன். தண்ணி ஆறிப்போனா மறுபடி கொதிக்க வச்சு, அணைச்சு, மாத்தி ஊத்துனேன். மூணு தடவை. ஆறுனதும் தொட்டுப் பாத்தா வெண்ணெய் கணக்கா இருந்துது.

புதன்கிழமை மத்தியானம் முதலாளி வீட்டுக் கார் கொட்டகைக்குப் போனோம். இவுகளுக்குக் கை ஓடல. துணியைப் புடிச்சுக்கிட்டு நிக்காக. “தள்ளுங்க”ன்னு நானே எடுத்தேன். மொதல்ல கதவுக்குக் கீழ ஒரு ஓரத்துல தடவி, பெயிண்ட் உரியலைன்னு பாத்துக்கிட்டேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் தடவி, வெள்ளை பூத்ததும் பழைய வேட்டித் துணியால தொடச்சேன். உப்புக் காத்துல மங்கிக் கெடந்த வண்டியில சாயங்காலம் பானட்டுல என் மூக்குத்தி தெரிஞ்சுது. “பாத்தீகளா!”ன்னேன். எனக்கு அம்புட்டுப் பெருமை.

“ரொம்ப நல்லா இருக்குளா”ன்னாக. குரலே வெளிய வரல.

வியாழக்கிழமை வேடிக்கை பாக்க நானும் போயி கொட்டகை வாசல்ல நின்னேன். துரை வந்தான், கூட ஒரு தமிழ் கிளார்க்கு. துரை பானட்டுல ஒரு வெரலை வச்சு இழுத்துப் பாத்துட்டு என்னமோ கேட்டான்.

“காரைப் பாலீஷ் போட்டது யாருன்னு துரை கேக்காரு”ன்னான் கிளார்க்கு.

முதலாளி நெஞ்சை நிமித்திக்கிட்டு, “என் டிரைவர்தான்”னாரு.

துரை இவுகளை மேலயும் கீழயும் பாத்தான். கிளார்க்கு சொன்னான்: “வண்டியை எடுத்துக்கிடுதோம். இவ்வளவு கவனமான ஆளுதான் துரைக்கு வேணுமாம். இவரும் வரட்டும்.” முதலாளி மொகம் செத்துப் போச்சு.

இவுக என்னையத் திரும்பிப் பாத்தாக. “அய்யா, பாலீஷ் போட்டது நான், இவுக கையைக் கூட வைக்கல”ன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கணும். கேப்பானோ மாட்டானோ, சொல்லியிருக்கணும்லா? அந்தத் தொப்பியையும் பூட்ஸையும் பாத்து எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு. தெரு முழுக்கக் கேக்குற வாயி எனக்கு. அன்னைக்குக் காத்துக்கூட வரல. இவுக கிளார்க்கு நீட்டுன தாளுல கையெழுத்துப் போட்டாக.

அசாமுலருந்து ரெண்டு கடுதாசி வந்துது. மொதல்ல வந்ததுல மழையும் சேறும்னு எழுதியிருந்தாக. ரெண்டாவதுல, “வடிவு, அன்னைக்கு நீ பேசலையேன்னு வெசனப்படாதே. தொண்டை அடைச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”ன்னு எழுதியிருந்தாக. அதுக்கப்புறம் கடுதாசி வரல.