பிசிர் வெட்டாத இறால்

தொங்குகிற நூலைக் கண்டால் ஜிப்பக்காவுக்குக் கை சும்மா இருக்காது. தன் துணியா, ஊரார் துணியா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு சின்னக் கத்தரியும் எப்போதும் தொங்கும். பேருந்துக்கு நிற்கும் வரிசையில் முன்னால் நிற்பவரின் காலரில் ஒரு பிசிர் எட்டிப் பார்த்தால் போதும், நறுக். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் கத்தரி பழைய இடத்துக்குப் போய்விடும்.

அவள் கல்யாணமே அந்தக் கத்தரியால் நடந்ததுதான். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலையில் பேருந்தில் ஏறியபோது, ஓட்டுநரின் சட்டைக் கையில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டினாள். பித்தானைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த நூல்தான் என்பது, பித்தான் படிக்கட்டில் உருண்டு தெருவுக்கு இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மறுநாள் வேறு பித்தான் கொண்டுபோய்த் தைத்துக் கொடுத்தாள். அதற்கடுத்த நாள் இன்னொரு பித்தானைக் காணோம். நான்காவது பித்தானில் அவளுடைய அண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அந்த ஆளு பஸ் ஓட்டறாரா, இல்ல உக்காந்து பித்தானைப் பிச்சுக்கிட்டிருக்காரா?" என்றார்.

அண்ணன் சலூன் வைத்திருக்கிறார். அதை ஒட்டி, படிக்கட்டுக்கு அடியில் இருந்த இடத்தைத் தடுத்துப் போட்டதுதான் ஜிப்பக்காவின் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு ஸ்டூல். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் கதவை மூட முடியாது. புதிதாக எதையும் தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பாள், இடுப்பைப் பிரித்து விடுவாள், பல் போன ஜிப்பை மாற்றுவாள். அப்படி மாற்றி மாற்றித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் கடைக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். நூல் தொங்கும் துணி வாசலைத் தாண்டக் கூடாது. "உள்பக்கம்தானேக்கா, யாரு பாக்கப் போறா?" என்று அவசரக்காரர்கள் கையை நீட்டுவார்கள். "நான் பாத்துட்டேனே" என்பாள். வெட்டிய பிறகுதான் கொடுப்பாள்.

அவள் கணவருக்கு ட்ரௌட் மீன் பைத்தியம் பிடித்தது மூன்று வருடங்களுக்கு முன்னால். அவர் ஓட்டும் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் ஒரு ஓடை இருக்கிறது. வண்டியைத் திருப்புவதற்கு முன் கிடைக்கும் பத்து நிமிடத்தில், முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் கோல் வீசுகிறவர்களைப் பல வருடமாக வேடிக்கை பார்த்தவர், ஒரு நாள் தானும் ஒரு கோலோடு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து மீன்பிடி சீசன் திறந்திருக்கும் ஞாயிறெல்லாம் ஓடைதான். மூன்று சீசனில் ஒரு மீன் சிக்கவில்லை. ஒன்றே ஒன்று கூட. ஆனாலும் சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டேதான் வருவார். தெருமுனையில் சீட்டி கேட்டதும் ஜிப்பக்கா அடுப்பில் தேநீருக்கு வைப்பாள்.

ஞாயிறு தேநீருக்கு அண்ணனும் வந்துவிடுவார். "என்ன மாப்பிள்ளை, மீன் எங்க? குளிச்சிட்டு வருதா?"

"வழியில கூட்டம் மச்சான். அடுத்த பஸ்ஸுல வருது."

அண்ணனுக்கு அந்தக் கோலின் மேல் வேறு ஒரு கண் இருந்தது. சலூனுக்குப் பின்னால் பீன்ஸ் போட்டிருந்தார். கொடி படர நீளமான, வளைந்து கொடுக்கிற கம்பு தேவைப்பட்டது. "மீன்தான் ஏறல, என் பீன்ஸாவது ஏறட்டுமே" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். ஒவ்வொரு வாரமும் ஓட்டுநர் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்.

இந்த சீசன் முடிய இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கும்போது சீட்டி கேட்கவில்லை. கதவு திறக்கிற சத்தம்தான் கேட்டது. கோலைச் சுவரில் மாட்டாமல் அலமாரிக்குப் பின்னால் செருகினார். அண்ணன் வழக்கம்போல் பீன்ஸ் பேச்சை எடுத்ததும், "மிச்சம் ரெண்டு வாரம் பாக்கறேன் மச்சான். ஒண்ணும் வரலன்னா எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். அதில் சிரிப்பே இல்லை. அண்ணன்கூட ஒரு கணம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

இருபத்து மூன்று வருடம் அவரோடு குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? பதிலுக்கு ஒரு கேலி வரவில்லையென்றால் மனுஷன் முடிவு பண்ணிவிட்டார் என்று அர்த்தம். கோல் போனால் போகட்டும். அதோடு அந்தச் சீட்டியும் போய்விடுமே என்றுதான் அவளுக்குக் கவலை.

மறுநாள் துணி துவைக்க அவருடைய கால்சட்டையை உதறினாள். கால் மடிப்பிலிருந்து ஏதோ ஒன்று துள்ளி விழுந்து, தரையில் காற்புள்ளி மாதிரி சுருண்டு கிடந்தது. ஈரப் பாசியோடு மடிப்புக்குள் தங்கியிருந்த ஒரு குட்டி இறால். அவள் தைத்த மடிப்பு ஆயிற்றே, உள்ளே போனது லேசில் வெளியே வருமா? கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து அதில் போட்டாள். இரண்டு நிமிடம் அசையவில்லை. பிறகு சடாரென்று நிமிர்ந்து, ஒருக்களித்தபடி தம்ளரைச் சுற்ற ஆரம்பித்தது. சாம்பலில் கொஞ்சம் பச்சை கலந்த நிறம். முதுகு கண்ணாடி மாதிரி. நாடாவைத் தம்ளரின் மேல் வைத்து அளந்தாள், பதின்மூன்று மில்லிமீட்டர்.

"என்னங்க, இது என்ன?"

"அட, இதைத்தான் ட்ரௌட் வருஷம் முழுக்கத் திங்கும்னு சொல்வாங்க. நூலும் ரோமமும் வச்சு இதே மாதிரி தூண்டில் முள்ளுல கட்டி கடையில விக்கறாங்க." தன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார்.

ஜிப்பக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது ஏன் இப்படி வளைஞ்சு கிடக்கு? செத்த இறால் பாத்துக் கட்டியிருக்காங்க. உயிரோட இருக்கறது நேராப் போகுது பாருங்க."

அன்று மதியமே கடையில் இறால் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. தூண்டில் முள்ளைப் பிடித்துக்கொள்ள அவளிடம் தனிக் கருவி எதுவும் இல்லை. தையல் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் காலைத் தூக்கி, வளைந்த முனையை அதனடியில் வைத்து இறக்கினாள். அசைக்க முடியாதபடி கவ்விக்கொண்டது. திரைச்சீலையின் அடி மடிப்பில் கனத்துக்காக வைத்துத் தைக்கும் ஈயமணியைக் குறடால் நசுக்கி, முள்ளின் தண்டோடு சேர்த்து நூலால் சுற்றினாள். யாரோ குட்டையாக்கக் கொடுத்த கோட்டில் மிஞ்சிய முயல் ரோமக் காலர் கிடந்தது. அதிலிருந்து கொஞ்சம் பிய்த்து நூலில் முறுக்கிச் சுற்றியதும் உடம்பு வந்தது. புதுச் சட்டை வரும் கண்ணாடிக் கவரில் மெல்லியதாக ஒரு பட்டை நறுக்கி முதுகுக்கு இழுத்துப் போட்டாள். செத்துப்போன ஹெட்போனிலிருந்து உரித்த செம்புக் கம்பியை இடைவெளி விட்டு அதன்மேல் சுற்றியதும் முதுகில் கணுக்கணுவாக எழும்பியது. தலைப்பக்கம் முடிச்சு போட்டாள். கடைசியில், எந்த வேலைக்கும் செய்வதுபோல், கழுத்துக் கத்தரியை எடுத்துச் சுற்றிலும் ஒழுங்கு பண்ணினாள்.

முதல் மூன்றில் ஒன்று கம்பளிப்பூச்சி மாதிரி இருந்தது, ஒன்று அவிழ்ந்தது, ஒன்று அவள் விரலிலேயே மாட்டியது. நான்காவது தேறியது. வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு தேறின. எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. ஓட்டுநர் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இதைத் தண்ணியில போடவே மனசு வராது போலிருக்கே" என்றார்.

அந்த ஞாயிறும் சீட்டி இல்லை.

"வந்து பாக்குது. கிட்டத்துல வந்து நல்லாப் பாக்குது. அப்புறம் திரும்பிப் போயிடுது."

"துணியைத் தடவிப் பாத்துட்டு, அப்புறம் வர்றேன்னு சொல்லிட்டுப் போற கஸ்டமர் மாதிரியா?"

"அச்சு அசல் அப்படியேதான்."

சீசனின் கடைசி ஞாயிறு வந்தது. ஜிப்பக்கா கடைக்கதவில் பூட்டைப் போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணவரோடு ஓடைக்குக் கிளம்பினாள். பேருந்தில் ஏறினால் அண்ணன் ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சுருள் கயிறு.

"கோலைக் கட்டி எடுத்துட்டு வர. ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸுல வர முடியுமா?"

"இப்பவே கயிறா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"பீன்ஸு காத்துக்கிட்டிருக்கும்மா."

ஓடை அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. கல் பாலத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கி ஆழமாகி, மறுபடி கூழாங்கற்களின் மேல் சலசலத்து ஓடியது. ஆழத்தில் ஒரு நிழல் அசையாமல் நின்றது. ஓட்டுநர் முழங்கால் நனைய நின்று, மேல்பக்கம் வீசி, இறாலை மிதந்து வர விட்டார். நிழல் எழும்பி வந்தது. பார்த்தது. திரும்பிப் போனது. இப்படியே பகல் பூராவும் போனது. திரும்பும் பேருந்து நாலேகாலுக்கு. மூன்றரை ஆகியும் ஒன்றுமில்லை. அவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதை ஜிப்பக்கா கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து இறாலைப் போட்டுப் பார்த்தாயிற்று. கோலில் இருப்பது பதினொன்றாவது, டப்பாவில் மீதி ஒன்று.

அண்ணனுக்குப் பொழுது போகவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவிலிருந்ததை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். இது இறாலா, கல்யாண மாப்பிள்ளையா?"

"என்னண்ணா?"

"மழுங்க ஷேவ் பண்ணி, கிருதா எடுத்து, பவுடர் போட்டு அனுப்பின மாதிரி இருக்கே. என் கடையில இருந்து வெளிய போற ஆளு இப்படித்தான் இருப்பான். ஆத்துல கிடக்கறவனுக்கு யாரும்மா முடி வெட்டுறா?"

ஜிப்பக்கா குனிந்து தண்ணீரிலிருந்து ஒரு கைப்பிடி பாசியை அள்ளினாள். அதில் மூன்று இறால் துள்ளின. ஒன்றைக் குழித்த உள்ளங்கைத் தண்ணீரில் விட்டுக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தாள். வயிற்றுக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முழுக்கக் கால்கள். எல்லாம் பிசிர் பிசிராக, ஒன்றோடொன்று சேராமல், ஒரு நொடி ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. தையல் பிரிந்த துணியின் விளிம்பு மாதிரி. தம்ளரிலும் இதைத்தானே பார்த்தாள்? பார்த்தது கண். கட்டியது கை. கடைசியில் கத்தரியை எடுத்ததும் அந்தக் கைதான். பன்னிரண்டு இறாலுக்கும் காலை வெட்டி அனுப்பியிருக்கிறாள்!

"என்னங்க! கரைக்கு வாங்க!" என்று கத்தினாள்.

அண்ணன் கையிலிருந்த இறாலை வாங்கி, காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். கம்பிச் சுற்றுகளுக்கு நடுவே நுழைத்து, வயிற்றுப் பக்கத்து ரோமத்தை நெம்பி நெம்பி வெளியே இழுத்தாள். ஒரு இழை நீளமாக வந்தது. அவளை அறியாமல் வலது கை கழுத்துக்குப் போனது. நடுவழியில் அதைப் பிடித்து நிறுத்தினாள். கத்தரியைக் கழற்றி அண்ணனிடம் நீட்டினாள்.

"இதை உங்க கழுத்துல மாட்டிக்குங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"கெஞ்சினா?"

"கெஞ்சினாலும்."

நெம்பி முடித்தபோது அவளுக்கே பார்க்கச் சகிக்கவில்லை. வாடிக்கையாளர் யாராவது பார்த்தால் கடையை மூட வேண்டியதுதான். அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஆ, இப்ப சரி. இவன் என் கடைக்கு உள்ள வர்ற ஆளு."

ஓட்டுநர் பழையதை அவிழ்த்து இதைக் கட்டினார். வீசினார். முதல் தடவை நிழல் அசையவில்லை. இரண்டாவது தடவை இறால் தள்ளிப் போனது. மூன்றாவது தடவை பாலத்தின் நிழலுக்குள் மிதந்து வந்த தூண்டில் நூல், சட்டென்று நின்றது.

"கல்லுல மாட்டிக்கிச்சு" என்றார் சோர்ந்துபோய்.

கல் நகர்ந்தது. நகர்ந்து, எதிர்த்திசையில் ஓடியது.

அதற்கப்புறம் நடந்ததை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். கோல் வில்லாக வளைந்தது, அதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. அண்ணன் செருப்போடு, கால்சட்டையோடு தண்ணீரில் இறங்கி, "விடுங்க மாப்பிள்ளை! இழுங்க! ஐயோ, விடுங்கன்னா!" என்று வழி காட்டினார். மூன்று வருடமாக வேலையில்லாமல் கிடந்த கைவலையில் எலி போட்ட ஓட்டை இருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. ஓட்டையை அவள் ஒரு கையால் சேர்த்துப் பிடிக்க, அவர் வலையைத் தாழ்த்த, மீன் உள்ளே சரிந்தது. பழுப்பு முதுகு, விலாவில் சிவப்புப் புள்ளிகள், கொழுத்த வயிறு. தாடை ஓரத்தில் பரட்டைத் தலையோடு அவளுடைய இறால்.

கழுத்து நாடாவைத் தண்ணீரிலேயே நீட்டி அளந்தாள். "முப்பத்து நாலு சென்டிமீட்டர்."

"முப்பத்தஞ்சுன்னு சொல்லு" என்றார் ஓட்டுநர்.

"அளவுல பொய் சொல்ல மாட்டேன்."

கடைசி வாரத்தில் பிடித்த மீனைத் திருப்பி விட வேண்டும் என்று பாலத்தில் பலகை இருந்தது. முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீரில் இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு ஓட்டுநர் மண்டியிட்டிருந்தார். அது ஒரு தடவை வாலை ஆட்டிப் பார்த்தது. பிறகு போயே போய்விட்டது. அவர் காலியான கைகளைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். எழுந்தபோது முகமெல்லாம் பல்.

பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. கோலைப் பிரித்துக் கட்டுவதற்கு அண்ணனுடைய கயிறே உதவியது. கட்டிக் கொடுத்ததும் அண்ணன்தான்.

"நானே வாயைக் கொடுத்து நானே கெடுத்துக்கிட்டேன். என் பீன்ஸுக்கு என்ன பதில்?"

"தரையில படரட்டும் மச்சான். கோலுக்கு இப்பத்தான் வேலை கிடைச்சிருக்கு."

பேருந்து கிளம்பி முதல் திருப்பத்தைத் தாண்டியதும் முன் இருக்கையிலிருந்து சீட்டி கேட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த சக ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துத் தலையை ஆட்டினார். ஜிப்பக்கா ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பக்கத்தில் அண்ணனுடைய ஈரக் கால்சட்டை. கல்லில் உரசி அடி மடிப்பு பிரிந்து, ஒரு சாண் நீளத்துக்கு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, கத்தரியைக் குடுங்க."

அண்ணன் கழுத்தில் தொங்கிய கத்தரியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். மேலே கையையும் வைத்துக்கொண்டார்.

"கேட்டாலும் குடுக்காதீங்கன்னியே."

"கெஞ்சிக் கேக்கறேன்."

"கெஞ்சினாலும்."

பேருந்து குலுங்கும்போதெல்லாம் அந்த நூலும் ஆடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாலு நிறுத்தம் தாண்டுவதற்குள், அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்துவிட்டது.